ஐம்பத்தேழு வயதில் கலை முகாமைத்துவம்

2011ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியிலிருந்த வகுப்பறை ஒன்றில் நான் நேரத்துக்கு முன்னரே சென்று அமர்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் மாணவ மாணவியர் ஒவ்வொருவராக வரத் தொடங்கினர். சிரித்துப் பேசியபடி உள்ளே வந்தவர்கள் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். கொரிய நாட்டுப் பெண்ணொருத்தி பணிவாக அருகில் வந்து, முதல் ஒப்படையை எப்போது தரவேண்டும் என்று கேட்டாள். நானும் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவள் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். என்னை விரிவுரையாளர் என்று எண்ணியதற்காகக் கேட்டாளா, அல்லது இந்த வயதில் நான் மாணவனாக இருப்பதற்காகக் கேட்டாளா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்போது எனக்கு வயது 57. கலை முகாமைத்துவத்தில் முதுமாணிக் கற்கைநெறி. பகுதி நேரமாக இரண்டு ஆண்டுகள். வகுப்பிலிருந்த இருபத்திரண்டு பேரில் எனக்கு அடுத்த வயதினருக்கு 34 வயது. மற்றவர்கள் எல்லோரும் என் மகளுக்கு இளையவர்கள்.

ஏன் இந்த விபரீத ஆசை என்று நண்பர்கள் பலரும் கேட்டார்கள். கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையில் முப்பதாண்டு காலம் பணிபுரிந்தவன் நான். அதில் பெரும்பகுதி கலை இலக்கியப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த காலம். நாடக விமர்சனம், நூல் வெளியீடு, அரங்கேற்றம், அஞ்சலி என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். 2007இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்தக் கதையை வேறொரு சந்தர்ப்பத்தில் எழுதலாம். லண்டனில், ஈஸ்ட்ஹாமில் ஒரு பலசரக்குக் கடையின் காசாளராகச் சேர்ந்தேன். வெண்டிக்காயும் மாசிக்கருவாடும் வாங்க வருபவர்களை நிறுத்திவைத்து, எழுபதுகளின் நாடகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாகக் கடை முதலாளி என் மகளிடம் முறையிட்டிருக்கிறார். "அப்பா, உங்களுக்குக் கதைக்க ஆள் வேணும். அதுக்குக் கடை சரிவராது. காசு கட்டிப் போய்க் கதைக்கிற இடம் ஒண்டு இருக்கு" என்று சொல்லி, விண்ணப்பப் படிவத்தை அவளே கணனியில் நிரப்பினாள். கட்டணத்தில் பாதியையும் அவளே கட்டினாள்.

எனக்குப் பட்டம் கிடையாது. 1973இல் பேராதனைக்குப் போய் இரண்டாம் ஆண்டிலேயே பத்திரிகை ஆசை பிடித்து விட்டுவந்தவன். தொழில் அனுபவத்தைப் பட்டத்துக்கு ஈடாகக் கொள்ளலாம் என்ற விதியொன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. நேர்முகத்தின்போது, முப்பதாண்டுகள் கலைஞர்களோடு பழகியவன் நான், கலையைப் பற்றி எனக்குத் தெரியாதது அதிகமில்லை என்ற தோரணையில் பேசினேன். தேர்வுக்குழுவிலிருந்த பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். "நீங்கள் பார்த்த நாடகங்களில் எத்தனை நாடகங்களின் வரவு செலவை அறிவீர்கள்?" ஒன்றையும் அறியேன் என்றேன். "அப்படியானால் வாருங்கள்" என்றார்.

முதல் ஒப்படை 3000 சொற்களில் ஒரு கட்டுரை. நாற்பது நிமிடத்தில் ஆசிரியத் தலையங்கம் எழுதியவனுக்கு இது எம்மாத்திரம் என்று ஓரிரவில் எழுதி முடித்தேன். நூற்றுக்கு 48 புள்ளிகள் வந்தன. சித்தியடைய 50 வேண்டும். ஓரங்களில் பென்சிலால் ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது: "யார் சொன்னது?" "பரவலாக நம்பப்படுகிறது" என்று எழுதியிருந்தேன். யார் சொன்னது? "விமர்சகர்கள் ஒப்புக்கொள்கின்றனர்" என்று எழுதியிருந்தேன். எந்த விமர்சகர்கள்? உண்மையில் அந்த விமர்சகர்கள் நான்தான். பத்திரிகைத் தமிழில் "தெரியவருகிறது", "கருதப்படுகிறது" என்று செயப்பாட்டு வினைக்குப் பின்னால் முப்பதாண்டுகள் ஒளிந்திருந்தவனை, அந்தப் பென்சில் காதைப் பிடித்து வெளியே இழுத்தது. இரண்டாம் முறை எழுதி 55 பெற்றேன்.

நாங்கள் சேர்ந்த காலமும் ஒரு மாதிரியான காலம். 2010 ஒக்டோபரில் பிரித்தானிய அரசாங்கம் இங்கிலாந்துக் கலைக்கழகத்துக்கான நிதியை ஏறத்தாழ 30 சதவீதம் வெட்டுவதாக அறிவித்திருந்தது. அடுத்த ஆண்டு வசந்தத்தில் பல நாடகக் குழுக்களும் சிறு அரங்குகளும் நிதிப் பட்டியலிலிருந்து விழுந்தன. கலை முகாமைத்துவம் கற்றுக்கொடுக்கும் இடத்தில், முகாமை செய்யக் கலை எஞ்சியிருக்குமா என்ற கேள்வியோடு வகுப்புகள் தொடங்கின. ஏதென்ஸ் நகரிலிருந்து வந்திருந்த இளைஞன் ஒருவன், தன் நாட்டு நிலையோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம் என்று அடிக்கடி சொல்வான். அவன் வேலை செய்த அரங்கு மூடப்பட்டுவிட்டதாம்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940இலேயே, குண்டு விழும் நகரங்களில் இசையும் நாடகமும் நடக்கவேண்டும் என்று ஒரு சபையை அமைத்தார்கள். பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் பின்னர் அதற்குத் தலைவரானார். அதுவே 1946இல் பெரிய பிரித்தானியக் கலைக்கழகமாகியது. அரச சாசனம் கிடைத்தது ஓகஸ்ட் மாதத்தில். கெய்ன்ஸ் அதற்கு முன்பே ஏப்ரலில் காலமாகிவிட்டார். அரசாங்கம் பணத்தைக் கொடுக்கும், ஆனால் எந்த நாடகத்துக்கு, எந்த ஓவியனுக்கு என்று சொல்லாது. அமைச்சரின் கைக்கு எட்டாத தூரத்தில் கலைக்கழகம் நிற்கவேண்டும். இதை இங்கே ஒரு வேதவாக்கியம் போலப் போதிப்பார்கள்.

எங்கள் நாட்டிலும் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இலங்கைக் கலைக்கழகம் உருவானது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில், கிராமத்து அண்ணாவிமாரைத் தேடிப்போய்க் கூத்துக்கு ஒரு மதிப்பை ஏற்படுத்தினார். 1962இல் பேராதனை மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். இவற்றையெல்லாம் கலைப் பக்கத்தில் பலமுறை எழுதியவன் நான். அதற்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், அண்ணாவியாருக்கு என்ன கிடைத்தது, பேருந்துக் கட்டணம் யார் கட்டியது என்று ஒருமுறையேனும் கேட்டேனா என்றால், இல்லை. 

"நீங்கள் வந்த இடத்தில் கலைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?" என்ற தலைப்பில் ஒவ்வொருவரும் பதினைந்து நிமிடம் பேசவேண்டியிருந்தது. நான் 1977இல் செய்தி சேகரிக்கப் போயிருந்த மட்டக்களப்புக் கிராமமொன்றைப் பற்றிப் பேசினேன். சட்டம் கொடுத்தல் என்று ஒரு நாளில் பாத்திரங்களைப் பங்கிட்டுக் கொடுத்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை கட்டி, பிறகு வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றம். நான் கண்ட ஊரில் அனுமதிச்சீட்டு என்ற பேச்சே இல்லை. களரி கட்டுவதற்கு ஊரார் மரமும் கிடுகும் கொடுத்தார்கள். ஆடுபவர்களின் குடும்பங்கள் உடுப்புச் செலவை ஏற்றன. அண்ணாவியாருக்கு வேட்டி சால்வையும் பணமும் மரியாதையோடு போயின. அரங்கேற்றத்துக்குப் பிறகு கூத்தர்கள் வீடு வீடாகப் போய் ஆடினார்கள், வீட்டுக்காரர் இயன்றதைக் கொடுத்தார்கள்.

"அப்படியானால் கிராமமே கலைக்கழகம்" என்றான் ஏதென்ஸ் இளைஞன். அந்த வார்த்தை எனக்குப் பிடித்தது. ஆனால் விரிவுரையாளர் விடவில்லை. "கைக்கு எட்டாத தூரம் எங்கே?" என்று கேட்டார். அது கிடையாது என்றேன். பணம் கொடுப்பவர் நடிகரின் மாமன். கொலுவரவு அரசன் வேடம் யாருக்கு என்பதில் அந்த ஊரில் இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருந்ததை நானே பார்த்தேன். வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கியபின், லண்டன் தமிழர்களின் பரதநாட்டிய அரங்கேற்றங்களைச் சொன்னேன். பெரிய மண்டபம், ஊரிலிருந்து விமானத்தில் வரும் பக்கவாத்தியக்காரர், நானூறு ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு, எல்லாம் பெற்றோர் செலவு. வருபவர்கள் யாரும் ஒரு பென்ஸ்கூடக் கட்டுவதில்லை. மாறாகக் கடித உறையில் அன்பளிப்போடு வருவார்கள். "அங்கே வாடிக்கையாளர் யார்?" என்று கொரியப் பெண் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 

பாடநூல்களில் என்னை மிகவும் பாதித்தது போமோல், போவன் என்ற இரு பொருளியலாளர்கள் 1966இல் வெளியிட்ட நூல். மேடைக் கலைகளின் பொருளாதாரச் சங்கடத்தைப் பற்றியது. அவர்களின் வாதம் எளிமையானது. தொழிற்சாலையில் இயந்திரம் வர வர, ஒரு தொழிலாளி ஒரு மணிநேரத்தில் செய்யும் பொருளின் அளவு கூடுகிறது, அதனால் கூலியும் கூடுகிறது. ஆனால் நால்வர் வாசிக்கும் பேத்தோவனின் இசைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர்தான், இன்றும் நால்வர்தான். நேரமும் அதேதான். வெளியே கூலி கூடும்போது அந்த நால்வருக்கும் கூடக் கொடுக்கவேண்டும். ஆகவே கலையின் செலவு மற்றவற்றைவிட விரைவாக ஏறிக்கொண்டே போகும். அது ஒருவருடைய கெட்டித்தனக் குறைவால் வருவதல்ல, அந்தத் தொழிலின் தன்மையே அது. இதை வாசித்த இரவு நான் கடைக் கல்லாவில் இருந்தேன். நாங்கள் போட்ட நாடகங்களெல்லாம் ஏன் நட்டப்பட்டன என்பதற்கு நான் அதுவரை வைத்திருந்த விளக்கம், தமிழ்ச் சனத்துக்குக் கலையில் அக்கறையில்லை என்பதுதான். அதைத் தலையங்கமாகவும் எழுதியிருக்கிறேன். ஒருவேளை சனத்தில் பிழையில்லையோ என்று அன்றிரவு முதன்முறையாகத் தோன்றியது.

பூர்தியோவைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரெஞ்சுக்காரரான அந்தச் சமூகவியலாளரின் நூலை ஆங்கிலத்தில் வாசிக்க மூன்று மாதம் பிடித்தது. ஒரு வாக்கியம் தொடங்கினால் இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் முடியும், நான் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வாசிப்பவன். பண்பாட்டு மூலதனம் என்று அவர் சொல்வது விளங்கியபோது, எங்கள் ஊரில் முன்வரிசைக் கதிரைகளில் யார் இருப்பார்கள் என்பதை வைத்தே அதை விளக்கிவிடலாமே என்று நினைத்தேன். முன்வரிசைக்காரர் ஒருபோதும் சீட்டு வாங்கியதில்லை. 

இரண்டாம் தவணையில் நிதி முகாமைத்துவம். இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். எக்ஸெல் அட்டவணை என்றால் என்னவென்று மகள் ஒரு ஞாயிறு முழுவதும் சொல்லித்தந்தாள். ஒப்படை இதுதான்: நீங்கள் நேரில் அறிந்த ஒரு கலை நிகழ்வை எடுத்து, அதன் வரவு செலவுக் கணக்கை மீட்டெடுத்து, அது எங்கே தவறியது அல்லது வென்றது என்று ஆராய்க.

எனக்கு வேறு யோசனையே வரவில்லை. 1983 மார்ச் மாதம், பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில், நாங்கள் பதினாறு பேர் சேர்ந்து போட்ட நாடகம். எனக்கு அப்போது 29 வயது. நான் குழுவின் செயலாளர். அச்சு, விளம்பரம், அழைப்பிதழ் எல்லாம் என் பொறுப்பு. நெறியாள்கையும் பணமும் என் நண்பருடையவை. அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் எழுதுவினைஞர். பிரதியைப் பொது அரங்காற்றுகைச் சபையின் தணிக்கைக்குக் கொடுத்து அனுமதி பெற்றது, மாநகரசபையில் கேளிக்கை வரிக்காக அனுமதிச்சீட்டுகளுக்கு முத்திரை குத்துவித்தது எல்லாம் நினைவிருந்தன. கணக்கு மட்டும் நினைவில்லை. அதை நான் ஒருபோதும் கேட்டதில்லை. அன்றிரவு மண்டபம் நிறைந்திருந்தது. அடுத்த ஞாயிறு என்னுடைய பக்கத்தில், புனைபெயரில், "மண்டபம் நிறைந்த மக்கள் ஆதரவுடன் மாபெரும் வெற்றி" என்று நானே எழுதினேன்.

நண்பர் 1986 முதல் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். ஆண்டுக்கு இரண்டு முறை பேசிக்கொள்வோம், பொங்கலுக்கும் யாராவது செத்தாலும். அழைத்து விடயத்தைச் சொன்னேன்.

"இருபத்தொன்பது வருசத்துக்குப் பிறகு கணக்குக் கேக்கிறாய். செயலாளர் எண்டால் நீதான்ராப்பா" என்றார். 

"மச்சான், பகிடி இல்லை. பாடத்துக்கு வேணும். உனக்கு ஏதும் ஞாபகம் இருக்கே?"

"ஞாபகம் என்ன, கொப்பியே இருக்கு. மனிசி எறிய விடேல்ல."

அந்தக் கொப்பியின் பக்கங்களை அவருடைய மகன் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பினான். நண்பரின் சாய்ந்த கையெழுத்து. மண்டபம் 1,400 ரூபா. ஒளி, ஒலி 1,750. காட்சியமைப்பு 1,900. உடையும் ஒப்பனையும் 950. சீட்டு, சுவரொட்டி, மலர் அச்சடித்தது 1,100. கேளிக்கை வரி 550. தேநீர், வாகனம் 700. எல்லாமாக 8,350 ரூபா. வரவுப் பக்கத்தில், 25 ரூபாச் சீட்டு 60, 15 ரூபாச் சீட்டு 90, 10 ரூபாச் சீட்டு 110, ஆக 3,950. மலர் விளம்பரக் காசு 700. மொத்தம் 4,650. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, என் பெயரை எழுதி, அதன் எதிரே "கௌரவ அழைப்பு 140" என்றிருந்தது.

260 பேர் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். 140 பேரை நான் சும்மா வரவழைத்திருக்கிறேன். பத்திரிகை நண்பர்கள், வானொலிக்காரர், எழுத்தாளர்கள், வங்கி முகாமையாளர்கள், அவர்களின் மனைவி மக்கள். நான்கு மாதம் பழகிய நடிகர்களின் பெற்றோர் பின்வரிசையில் பத்து ரூபாச் சீட்டில் இருந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது என்று நான் எழுதியது பொய்யல்ல.

3,700 ரூபா நட்டம். கணக்கை அட்டவணையில் போட்டுப் பார்த்தேன். அதே நாடகத்தை அதே மண்டபத்தில் மறுபடி போட்டிருந்தால் காட்சியும் உடையும் செலவில்லை, ஏறத்தாழ 4,500 ரூபாவில் முடியும். ஆனால் அதே 260 சீட்டு விற்றால் வரவு 3,950தான், மலர் விளம்பரம் இரண்டாம் முறை வராது. அதாவது ஒவ்வொரு மேடைக்கும் இன்னும் 550 ரூபா நட்டம். போமோல் சொன்னது இதுதான் என்று எழுதத் தொடங்கியவன் நிறுத்திவிட்டேன். அந்த 140 பேரிடமும் தலைக்குப் பத்து ரூபா வாங்கியிருந்தால் என்னவாகும்? வரி கொஞ்சம் கூடும், அதை விடுங்கள். முதல்நாள் நட்டம் 2,300 ஆகக் குறையும். அடுத்த ஒவ்வொரு மேடையும் 850 ரூபா மிச்சம் தரும். மூன்று நான்கு மேடைகளில் கடன் தீர்ந்திருக்கும். பேத்தோவனின் நால்வரைக் குற்றம் சொல்ல இடமில்லாமற் போயிற்று.

ஒரு கேள்வி பாக்கியிருந்தது. அந்த 3,700 ரூபாவை யார் கொடுத்தது? கொப்பியில் அதற்குப் பதில் இல்லை. நண்பரின் சம்பளம் அப்போது ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியிருக்கும். மீண்டும் அழைத்தேன். அவர் "அதை விடு மச்சான்" என்றார். ஆனால் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது. தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"அண்ணை, நான் சொல்லுறன். என்ர சங்கிலி. மூண்டு பவுண். அம்மா எனக்குக் கலியாணத்துக்குப் போட்டது. நாடகத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் செட்டியார் தெருவில அடைவு வைச்சவர். மூவாயிரத்து ஐந்நூறு."

பிறகு என்ன நடந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். அந்த ஆண்டுக் கடைசியில் நண்பருக்கு வரவிருந்த போனஸ் காசில் மீட்பதாக இருந்தார்களாம். அதற்குள் ஜூலை வந்துவிட்டது. அடைவு வைத்த கடையும் அந்தக் கலவரத்தில் எரிந்தது. இவர்கள் மூன்று வாரம் அகதி முகாமில் இருந்துவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். கடைக்காரர் இந்தியாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டார்களாம். அவர் எல்லாம் இழந்த மனிதர், அவரிடம் எதைப் போய்க் கேட்பது?

"துண்டு இப்பவும் இருக்கு அண்ணை. பாஸ்போட்டுகளோட வைச்சிருக்கிறன். உங்கட பேப்பர்த் துண்டும் இருக்கு. மாபெரும் வெற்றி எண்டு எழுதியிருந்தனீங்கள். இவர் அதைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சவர்."

அந்த இரண்டு துண்டுகளையும் மறுநாள் மகன் படமெடுத்து அனுப்பினான். அடைவுத் துண்டின் மடிப்பு விழுந்த இடத்தில் தாள் பிரிந்து, பின்னால் செலோ டேப் ஒட்டியிருந்தது. இரண்டையும் கணனித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மாதத்துத் திகதிகள். அன்று வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று முதலாளிக்குச் சொன்னேன்.

ஒப்படையில் இதை எழுதுவதா என்று யோசித்தேன். நண்பரின் மனைவியிடம் அனுமதி கேட்டபோது, "பேர் போடாமல் எழுதுங்கோ, வெள்ளைக்காரருக்கும் தெரியட்டும்" என்றார். நிதி மூலங்கள் என்ற தலைப்பின் கீழ், அனுமதிச்சீட்டு, விளம்பரம் என்பவற்றுக்கு அடுத்ததாக, "நெறியாளரின் மனைவியின் சங்கிலி, 3,500" என்று ஒரு வரி சேர்த்தேன். அடைவுத் துண்டின் படத்தைப் பெயரை மறைத்துப் பின்னிணைப்பாக வைத்தேன். கௌரவ அழைப்புகளுக்குப் பொறுப்பானவர் இக்கட்டுரையின் ஆசிரியர் என்றும் எழுதினேன். முப்பதாண்டுப் பத்திரிகைத் தொழிலில் நான் எழுதிய முதல் திருத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

68 புள்ளிகள் கிடைத்தன. பாராட்டு இரண்டு வரி. மூன்றாவது வரியில் பழைய பென்சில்: "பற்றாக்குறை 3,700. சங்கிலி 3,500. மிகுதி 200 ரூபா எங்கிருந்து வந்தது?"

நண்பருக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்து ஓயவில்லை. "உன்ர வாத்தியாரை எங்கட கொம்பனிக் கணக்குப் பகுதிக்கு எடுத்திருக்கலாம்" என்றார். சம்பளத்தில் கொடுத்திருப்பேன், நினைவில்லை என்றார். அதோடு விட்டுவிட்டோம். அந்த ஏப்ரலில் அவர் மனைவியின் பெயருக்குக் கொஞ்சப் பணம் அனுப்பினேன். பவுணுக்கு இன்றைய விலை போட்டால் என் வசதிக்கு எட்டாது, எட்டியதை அனுப்பினேன். அது அப்படியே திரும்பி வந்தது. "நாடகம் நல்ல நாடகம்தானே அண்ணை" என்று மட்டும் சொன்னார். ஓம் என்றேன். உண்மையிலேயே நல்ல நாடகம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

படிப்பின் மிகுதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு சிறு அரங்கில் சம்பளமில்லாத பயிற்சி. வாசலில் நின்று சீட்டுக் கிழிப்பதும், ஒவ்வொரு இரவும் வந்த தலைகளை எண்ணி எழுதுவதும் வேலை. காசு கொடுத்தவர் எத்தனை, இலவசமாக வந்தவர் எத்தனை என்று இரண்டு நிரல்களில் எழுதவேண்டும். அந்த இரண்டாவது நிரலை எழுதும்போதெல்லாம் கை சற்றுத் தயங்கும். லண்டன் தமிழ் நாடகக் குழுக்களின் நிதி பற்றிய ஆய்வேடு, 15,000 சொற்கள். 2013 டிசெம்பரில் பட்டமளிப்பு. கொரியப் பெண்ணின் தாயார் என் மகளோடு நின்று படமெடுத்தார். நான் எந்தக் கலை நிறுவனத்துக்கும் முகாமையாளராகவில்லை. ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் இரண்டு நாடகக் குழுக்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். இலவச அழைப்பு இருபதுக்கு மேல் கூடாது என்று நான் சண்டை பிடிப்பதால், என்னைக் கஞ்சன் என்று சொல்கிறார்கள் என அறிகிறேன். யார் சொன்னது என்று கேட்டால், சொன்னவர்கள் இருவரையும் எனக்குத் தெரியும்.

2014 மாசியில் ஒரு நள்ளிரவு நண்பரின் அழைப்பு வந்தது. கனடாவில் மாலை. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"மச்சான், உன்ர 200 ரூபா பிடிபட்டிட்டுது. நான் ஒண்டும் சம்பளத்தில குடுக்கேல்ல. லைற்றுக்காரனுக்கு 1,750 எண்டு கொப்பியில எழுதினனே தவிர, குடுத்தது 1,500தான். மிச்சம் பிறகு தாறன் எண்டனான். பாவம், அந்த மனிசன் கேக்கவே இல்லை."

படுக்கையிலிருந்தபடியே மனக்கணக்குப் போட்டேன். அப்படியானால் 200 ரூபா குறையவில்லை. 50 ரூபா கூடுகிறது.

"அப்ப அம்பது ரூபா மிஞ்சியிருக்க வேணுமே" என்றேன்.

"மிஞ்சினதுதான்ரா. நாடகம் முடிஞ்சு எல்லாருமாப் போய் வெள்ளவத்தையில தோசை சாப்பிட்டமே. நீ ரண்டு நெய்த்தோசை சாப்பிட்டனி."